இடது கைக்கு ஒரு கத்தி

முள்ளங்கி மூன்றாவது முறையும் கிழிந்தது. எஸ்தர் கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் நின்றிருந்தது ஜப்பானில், ஒஸாகாவை ஒட்டிய சகாய் என்ற ஊரில். சமையல் கத்திகளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு சின்ன சாணைப் பட்டறை. சாணை பிடிக்கும் ஓகாவா, என் மகள் வித்யா, நான், எஸ்தர் என்று மொத்தம் நான்கு பேர்தான். ஆனாலும் எஸ்தரின் முகம், ஐந்நூறு பேர் பந்திக்கு உட்கார்ந்த பிறகு சாம்பார் அடிப்பிடித்தது தெரிந்த மாதிரி ஆகிவிட்டது.

"எனக்கு வரலக்கா. விடுங்க," என்றாள்.

ஒரு காய்க்கு முன்னால் நின்றுகொண்டு எஸ்தர் அப்படிச் சொல்லி, பத்தொன்பது வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

அவளை அங்கேயே கொஞ்சம் நிற்க வைத்துவிட்டு, நாங்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். மும்பையில் மாட்டுங்கா மார்க்கெட்டைத் தாண்டாத மாமிக்கு ஜப்பானில் என்ன வேலை என்று கேட்டு இந்தப் பத்திரிகைக்கு எழுதிய வாசகிகள் பலர்.

காய் செக்ஷன்

எனக்கு வீடு மாட்டுங்காவில், சமையல் கூடம் செம்பூரில். சீமந்தம், பூணூல், அறுபதாம் கல்யாணம் என்று வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்து அனுப்புகிறோம். ஓணம் வந்தால் பாலக்காட்டுக்காரர்கள் எல்லோரும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அதில் காய் நறுக்கும் பகுதி முழுக்க எஸ்தரின் ராஜ்ஜியம். அங்கே எல்லோரும் அதை 'காய் செக்ஷன்' என்பார்கள்.

எஸ்தர் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பைபிளை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். வேலை கேட்டு வந்த அன்று, பேச்சை வளர்க்காமல் ஒரு கூடை பீன்ஸை அவள் முன்னால் வைத்தேன். நான் பாலைக் காய்ச்சி இறக்குவதற்குள் கூடை காலி. துண்டுகளைக் கையில் அள்ளிப் பார்த்தேன். அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

அவள் நறுக்கும் சத்தத்தைக் கேட்டே, கதவுக்கு வெளியில் நின்று, வாழைக்காயா சேனையா என்று சொல்லிவிடுவேன். வாழைக்காய்க்கு ஈரமான 'தப் தப்'. சேனைக்குக் கொஞ்சம் முரட்டுச் சத்தம். முட்டைக்கோஸ் என்றால் மழை மாதிரி ஒரே சீராகப் பெய்யும். அவியலுக்கு விரல் நீளம், ஓலனுக்கு மெல்லிய சில்லு, எரிசேரிக்குப் பருத்த துண்டு. எதையும் அவளிடம் இரண்டாவது தடவை சொன்னதில்லை.

எஸ்தர் இடது கைக்காரி. அது எனக்கு முதல் நாளே தெரியும். அவள் மூக்குத்தி போட்டிருப்பது தெரிந்த மாதிரி, அதுவும் தெரியும். அதற்குமேல் யோசித்ததில்லை.

மிஷின் வந்தது

போன வருஷம் ஆர்டர்கள் கூடிப்போயின. நான் யாரையும் கேட்காமல் காய் நறுக்கும் மின்சார மிஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். மேலே வாயில் காயைப் போட்டு, வலது பக்கமிருக்கும் நீளக் கைப்பிடியை அழுத்தினால், கீழே பொடிப்பொடியாக வந்து விழும். மற்றவர்கள் விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி குதித்தார்கள். எஸ்தர் மட்டும் தடுமாறினாள். உடம்பை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, வலது கையால் அழுத்துவாள். காரட் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும். ஒரு நாள் விரல் நுனி மயிரிழையில் தப்பியது.

"புதுசுல அப்படித்தான் இருக்கும் எஸ்தர். ஒரு மாசத்துல பழகிடும்," என்றேன்.

"பழகாமலா இருக்கேன்? கைப்பிடி அந்தப் பக்கம்லா இருக்கு," என்றாள்.

எனக்கு அது சாக்காகப் பட்டது. மிஷின் வந்ததில் அவளுக்குக் கோபம், அதனால் வீம்பு பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கூடத்தில் அவள் குரல் குறைந்தது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஒரு நாள் கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"பொங்கல் முடிஞ்சதும் நான் நின்னுக்கிடுதேன்க்கா."

"ஏன்? யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. மிஷின் வந்துட்டுல்லா."

இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவள் ரோஷத்துக்கு நான் இறங்கிப் போவதா என்று எனக்கும் ஒரு ரோஷம். ஒரே அடுப்படியில் இரண்டு ரோஷக்காரிகள் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆளை வைத்துக் கேட்டுக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் வித்யா கூப்பிட்டாள். நவி மும்பையில், ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவளை இரண்டு வருஷத்துக்கு ஒஸாகாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் பத்து நாள் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். என் கணவர் போனை வாங்கினார்.

"அங்கே தயிர் கிடைக்குமோ?"

"கிடைக்கும்ப்பா."

"புளிக்குமோ?"

"புளிக்காது."

"அப்ப நான் வரலை," என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

வித்யா கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "அப்ப எஸ்தர் ஆன்ட்டியைக் கூட்டிண்டு வாம்மா. இங்கே பக்கத்துல கத்தி பண்ற பட்டறையெல்லாம் இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் கோயிலைவிட அதுதான் பிடிக்கும்," என்றாள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

எஸ்தரிடம் பாஸ்போர்ட் இருந்தது, துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போக எடுத்தது. நான் கேட்டதும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கத்தி பாக்கவா?"

"ஆமாம்."

"ஜப்பானுக்கா?"

"ஆமாம்ங்கறேனே."

"சரி, வாரேன்," என்றாள். கோபம் வேறு, கத்தி வேறு.

குழிக்குள் நிற்கும் கொல்லர்

விமானத்தில் எட்டு வார்த்தை பேசியிருப்போம். அதில் நான்கு வார்த்தை பெல்ட்டைப் பற்றி.

சகாய் என்றதும் ஏதோ மியூசியம் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ரயிலிலிருந்து இறங்கி, ஒரு பெரிய ரோட்டைத் தாண்டி, சந்துக்குள் நுழைந்தோம். தகரக் கூரைகள். கீழே பட்டறை, மேலே வீடு, மாடிக் கம்பியில் துணி. எங்கிருந்தோ இரும்பு சூடாகும் வாசனை. எஸ்தர் நின்றுவிட்டாள். அவள் முகம் பத்து வாரத்துக்குப் பிறகு மலர்ந்தது.

"யக்கா, இது நம்ம நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்பக்கம்லா!"

"அதேதான்!" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாராவியைப் பார்க்க இவ்வளவு தூரம் பறந்து வந்தோமா என்று வித்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு கத்தியை அங்கே ஒரே ஆள் செய்வதில்லை. இரும்பைக் காய்ச்சி அடிப்பவர் ஒருவர், சாணை பிடித்துக் கூர் ஏற்றுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர். மூன்றும் தனித்தனிப் பட்டறை. முதலில் கொல்லரிடம் போனோம்.

கொல்லர் தரையில் வெட்டிய குழிக்குள் இடுப்பளவு ஆழத்தில் நின்றார். அடுப்பும் பட்டடைக் கல்லும் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன. சிவந்த இரும்புத் துண்டின்மேல் ஏதோ பொடியைத் தூவினார். அதன்மேல் எஃகுப் பட்டை ஒன்றை வைத்து, மறுபடியும் நெருப்புக்குள் விட்டார். வெளியே எடுத்தபோது ஆரஞ்சுச் சுளை நிறம். அடிக்கத் தொடங்கியதும் பொறி எங்கள் கால்வரை வந்தது. இரண்டும் ஒன்றாகிவிட்டன. இரும்பு வளைந்து கொடுக்கும், எஃகு கூரைப் பிடித்துக்கொள்ளும் என்று வித்யா மொழிபெயர்த்தாள்.

கையால் அடித்த பிறகு, பக்கத்திலிருந்த பெரிய மின்சாரச் சுத்தியலை ஓட்டினார். தடதடவென்று அது அடிக்க, செருப்பு வழியாகப் பூமி அதிர்ந்தது.

"இவங்ககிட்டயும் மிஷின் இருக்கு," என்றாள் எஸ்தர், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் மிஷினைப் பார்க்கவில்லை, கொல்லரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தியலின் வேகம் அவர் மிதியில் இருந்தது. மெதுவாக, வேகமாக, நிறுத்தி, மறுபடியும்.

"அவரு காலு சொல்லுறதத்தான் அது கேக்குது, பாத்தீயளா?"

வேலை முடிந்ததும் கொல்லர் குழியிலிருந்து ஏறி வந்து, இந்தியாவில் எப்படி நறுக்குவீர்கள் என்று கேட்டார். வித்யாவுக்கு அரிவாள்மனைக்கு ஜப்பானிய வார்த்தை தெரியவில்லை. எஸ்தர் சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். ஒரு காலை மடக்கி, கண்ணுக்குத் தெரியாத பலகையை மிதித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பூசணியை இரண்டு கையாலும் பிடித்து நறுக்கிக் காட்டினாள். எங்கள் ஊரில் கத்தி உட்கார்ந்திருக்கும், காய்தான் போய் வரும் என்று கையாலேயே சொன்னாள். கொல்லர் புரிந்துகொண்டு உரக்கச் சிரித்தார். பிறகு தானும் அவள் எதிரில் உட்கார்ந்து, அதே மாதிரி நறுக்கிப் பார்த்தார். பூசணி உருண்டு போய்விட்டதுபோல் கையை விரித்தார்.

அந்தச் சிரிப்போடுதான் இரண்டு சந்து தள்ளி, ஓகாவாவின் சாணைப் பட்டறைக்குள் நுழைந்தோம்.

முள்ளங்கி

ஓகாவாவுக்குச் சுமார் நாற்பது வயது இருக்கும். முழங்கைவரை சாம்பல் நிறச் சேறு. ஈரக் கல்லின் வாசனை, மழை பெய்து முடிந்த மாடிப்படி மாதிரி. சுழலும் சக்கரத்தின்மேல் உடம்பை வளைத்து, கத்தியைப் பலகையோடு அழுத்தி, எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி அழுத்தினார்.

காய்கறிக்கென்றே செய்த கத்தி ஒன்றைக் காட்டினார். அகலமானது, முனை மழுங்கியது. ஒரு சாண் நீள முள்ளங்கித் துண்டை எடுத்துச் சுற்றிச் சுற்றிச் சீவினார். அது துண்டு விழாமல் வேட்டி மாதிரி நீளமாக அவிழ்ந்து வந்தது. அதன் வழியாக வித்யாவின் முகம் தெரிந்தது.

"நீங்க பண்ணிப் பாக்கறேளான்னு கேக்கறார்," என்றாள் வித்யா. நான் எஸ்தரை முன்னால் தள்ளினேன். ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு முதன்முறையாக அவளைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் மூன்று முறை கிழிந்தது. கத்தி நேராகப் போகவே இல்லை. ஓகாவா அவளுக்காகப் புது முள்ளங்கி எடுக்கத் திரும்பியிருந்தார். எஸ்தர் "வரலக்கா, விடுங்க" என்று கத்தியை வைத்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் எந்தக் கையிலிருந்து கத்தியை வைக்கிறாள் என்பதைப் பார்த்தார்.

"ஆ!" என்று ஒரு சத்தம் போட்டார். சேற்றுக் கையால் நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு எஸ்தருக்கு நேராக நின்று குனிந்து வணங்கி ஏதோ சொன்னார். ஒருமுறை அல்ல, மூன்று முறை.

எஸ்தர் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொல்லுதாரு?"

"மன்னிச்சுக்கோங்கோங்கறார்," என்றாள் வித்யா.

"எதுக்கு? முள்ளங்கியக் கெடுத்தது நாம்லா?"

"உங்களுக்குத் தப்பான கத்தியைக் கொடுத்துட்டாராம், ஆன்ட்டி. இந்தக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. வலது கைக்காராளுக்குப் பண்ணினது. இடது கையில பிடிச்சா நேராப் போகாதாம். உங்க கையில தப்பே இல்லையாம்."

அவர் மாடியைப் பார்த்து யாரையோ கூப்பிட்டு, எதையோ எடுத்து வரச் சொன்னார். மேலே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. ஏப்ரன் கட்டிய அவர் மனைவி ஈரக் கையோடு இறங்கி வந்தாள். துண்டில் சுற்றிய கத்தி ஒன்று அவளிடம் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தன் இடது கையை உயர்த்திக் காட்டினாள். எஸ்தரும் தன் இடது கையை உயர்த்தினாள். வகுப்பில் ஒரே கேள்விக்குப் பதில் தெரிந்த இரண்டு பெண்கள் மாதிரி நின்றார்கள்.

"இது அவாளோட சொந்தக் கத்தியாம். வீட்டுக்காரர் பண்ணிக் கொடுத்தது. முதல் ரெண்டைக் கெடுத்துட்டாராம். எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணணுமே," என்றாள் வித்யா. ஓகாவா அசடு வழிந்தார்.

எஸ்தர் அந்தக் கத்தியை வாங்கினாள். நான்காவது முள்ளங்கி. முதலில் கனமாக வந்தது. பிறகு மெலிந்தது. பிறகு அவள் மூச்சு சீரானது. காய் செக்ஷனில் அவள் விடும் மூச்சு எனக்குத் தெரியும். வெள்ளைப் பட்டை மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டித் தொங்கியது. தன் கனத்திலேயே அறுந்து விழுந்தபோது ஓகாவாவின் மனைவி கைதட்டினாள். நாங்களும் தட்டினோம்.

எஸ்தர் சிரிக்கவில்லை. கத்தியின் தட்டைப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கத்திக்குப் பக்கம் இருக்குன்னு யாருமே சொல்லலியேக்கா," என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. ஒரு ஆள் சொல்லியிருந்தாள். 'கைப்பிடி அந்தப் பக்கம்லா இருக்கு' என்று தமிழில், என் முகத்துக்கு நேராக.

பெஞ்சியில்

வித்யா பிடி போடும் பட்டறை எங்கே என்று விசாரிக்கப் போனாள். நாங்கள் தெருவோர பெஞ்சியில் உட்கார்ந்தோம். தெருவில் காசு போட்டு எடுக்கும் மிஷினில் வாங்கிய சூடான டீ டப்பா ஆளுக்கொன்று. சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை. கை காய்ச்சிக்கொள்ளத்தான் உதவியது.

"எஸ்தர், நம்ம மிஷின் கைப்பிடி வலது பக்கம் இருக்குன்னு நீ சொன்னே. நான் காதுல வாங்கிக்கலை," என்றேன்.

"ஆமா. வாங்கிக்கல."

இப்படி ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பரவாயில்லக்கா என்பாள் என்று நினைத்திருந்தேன்.

"முதல் வருஷம் ஒரு கணபதி ஹோமத்துக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சாமிக்குப் போற காய், வலது கையால நறுக்குன்னு சொன்னீய. எனக்கு மறக்கல. நாள் முழுக்க நறுக்கினேன். மறுநா சீப்பு பிடிக்க முடியல."

"அடுத்த நாளே நான் விட்டுட்டேனே."

"வேல ஜல்தி ஆகணும்னு விட்டீய. தப்புன்னு விடல."

அது உண்மை. டீ டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சைக்கிள் போனது. எஸ்தர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பக் கேளுங்க," என்றாள்.

"என்னத்தை?"

"மன்னிப்பு. அந்த மனுசன் முன்ன பின்ன தெரியாதவரு, மூணு தடவ கேட்டாருல்லா."

கேட்டேன். அவர் மாதிரி எழுந்து குனிந்து கேட்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டேன். ஐம்பத்தேழு வயதில் வீட்டு மனிதர்களிடம்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

"சரி," என்றாள் எஸ்தர். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதக் குடிக்கறதுக்குத்தான் இவங்களுக்கு மன்னிப்பு கொடுக்க முடியாது," என்றாள். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். வித்யா திரும்பி வந்து, என்ன ஆச்சு என்று ஹிந்தியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கேட்டாள். நான் டீ டப்பாவை அவளிடம் நீட்டினேன்.

"பொங்கலுக்கு அப்புறம்?" என்று ரயிலில் மெதுவாகக் கேட்டேன்.

"மொதல்ல அந்தக் கைப்பிடியப் பாப்போம்க்கா," என்றாள்.

தாராவியில் ஒரு பட்டறை

மிஷின் விற்ற கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கம்பெனி அப்படித்தான் செய்கிறது, மாற்ற வழியில்லை என்றார். எஸ்தர் அவரோடு வாதாடவில்லை. மறுநாள் மிஷினை டெம்போவில் ஏற்றி, தாராவியில் அவளுக்குத் தெரிந்த லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். பட்டறைக்காரர் மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார்.

"லெஃப்ட்ல வெச்சா யார் ஓட்டுவா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"நான்," என்றாள் எஸ்தர்.

சாயங்காலத்துக்குள் இரண்டு துளை போட்டு, ஒரு தண்டைத் திருப்பி மாட்டி, கைப்பிடியை இடது பக்கம் கொண்டுவந்துவிட்டார். இப்போது மலைபோல் குவிந்த முட்டைக்கோஸை மிஷினில் எஸ்தர் தள்ளிவிடுகிறாள். அவியலுக்கும் ஓலனுக்கும் கைதான். அதை மிஷினிடம் தரமாட்டாள். பொங்கல் வந்தது, போனது. நின்றுகொள்ளும் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சகாயில் அன்றே ஓகாவா அவள் கையை ஒரு காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். மே மாதம் லீவில் வந்த வித்யா, அந்தக் கையளவுக்குச் செய்த இடது கைக் கத்தியைப் பெட்டியில் கொண்டுவந்தாள். செம்பூரில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். எஸ்தர் அதைத் திரும்பத் துணியில் சுற்றினாள்.

"மொதல்ல எங்க வீட்டுலதான் இத எடுப்பேன். ஞாயித்துக்கிழமை வாங்க. சாப்பாடு அங்கதான்," என்றாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "புதுப் பாத்திரம் ஒண்ணும் வாங்கல. எங்க பாத்திரந்தான். சம்மதம்னா வாங்க."

அவள் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அவள் கணவர் இறந்தபோது, மகன் கல்யாணத்தின்போது. இரண்டு முறையும் மூடி திறக்காத கூல்டிரிங்க் பாட்டில் ஒன்றை எனக்காகத் தனியாக வாங்கி வைத்திருந்தாள். நானும் அதைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை இரண்டு பேரும் பேசாமல் வைத்திருந்தோம்.

"வரேன்," என்றேன்.

திருநெல்வேலிச் சொதி வைத்திருந்தாள். தேங்காயில் மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்புப் போட்டு, காரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் போட்ட இளமஞ்சள் குழம்பு. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. எலுமிச்சை கடைசியில் பிழிந்திருந்தாள். பத்தொன்பது வருஷம் இந்தக் கைக்குக் காயை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேனே என்று இருந்தது. வித்யா தட்டை வழித்தாள். நான் மூன்றாவது முறை சாதம் போட்டுக்கொண்டேன்.

"இதை நம்ம மெனுவுல போடலாமே, எஸ்தர்."

"போடலாம்க்கா. ஆனா சொதி வைக்கற அன்னைக்கு அடுப்பு எங்கிட்ட. காய் நீங்க நறுக்குங்க."

அடுத்த மாதமே மாட்டுங்காவில் ஒரு சீமந்தத்துக்குச் சொதி கேட்டார்கள். யார் வைக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். எஸ்தர் என்று பேரைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரி என்றார்கள். அன்று எஸ்தர் பெரிய அடுப்புக்கு முன்னால் நின்றாள். நான் காய் செக்ஷனில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, காரட் நறுக்கிக் கொடுத்தேன்.

துண்டு ஒரே அளவில் இல்லை என்று அவள் இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள்.